தானாகத் திறந்துகொள்ளும் பெட்டி

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில், ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் திருமணத் தகவல் மையம். படியேறி வருகிறவர்களுக்கு முதலில் தெரிவது ஒரு சுவர். சுவர் நிறையச் சட்டம் போட்ட கல்யாணப் படங்கள். எல்லாம் எங்கள் மையத்தின் வழியாக முடிந்த சம்பந்தங்கள். மாலையும் கழுத்துமாக அத்தனை பேர் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு உள்ளே வருகிறவர்கள் பாதி சம்மதித்த மாதிரிதான் என்பது சாரின் எண்ணம். சார் என்றால் முதலாளி. ஜாதகம் பார்ப்பதும் அவரே. கணினி சம்பந்தப்பட்டது எல்லாம் நான்.

அந்தச் சுவரில் ஒரு காலத்தில் என் படமும் இருந்தது. எனக்கு மாப்பிள்ளை பார்த்ததும் இதே சார்தான். "ரஜ்ஜுப் பொருத்தம் பிரமாதமா கீது. தாலி பாக்கியம் ரொம்பக் கெட்டி, கவலையே படாதீங்க" என்று என் அம்மாவிடம் சொன்னார். அம்மா தியாகதுருகம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போகிறவள். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு செய்தி வந்தது. எங்கோ வெளியூரில் ஒரு தரகர் பழுது பார்க்கக் கொடுத்த கணினியிலிருந்து பெண்களுடைய படங்களும் போன் நம்பர்களும் வெளியே போய்விட்டன. பெண்ணைப் பெற்றவர்கள் தரகரின் கடையையே அடித்து நொறுக்கிவிட்டார்கள். அதைக் கேட்ட நாளிலிருந்து சாருக்குச் சோறு இறங்கவில்லை. "எப்படியாவது பூட்டிடும்மா" என்றார். நான் பி.சி.ஏ. படித்தவள். இணையத்தில் இருந்ததை எல்லாம் எழுத்துக் கூட்டாத குறையாகப் படித்து, ஹார்ட் டிஸ்க் என்கிற வட்டு முழுவதையும் மறையாக்கம் செய்தேன். அதாவது வட்டில் இருப்பதெல்லாம் அடுத்தவருக்கு வெறும் குப்பை. காலையில் கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் கடவுச்சொல்லைக் கேட்டு நிற்கும். சரியாகத் தட்டினால் வட்டு திறக்கும், கணினி மேற்கொண்டு ஏறும், அதாவது வேலை செய்யத் தொடங்கும். இல்லாவிட்டால் ஆண்டவனே வந்து உட்கார்ந்தாலும் ஒரு ஜாதகம்கூட எடுக்க முடியாது.

கடவுச்சொல் நீளமாக இருக்க வேண்டும், மறக்கவும் கூடாது. என் வீட்டுக்காரர் அப்போது கல்வராயன் மலைக்கு மளிகைச் சாமான் ஏற்றிப்போகும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிமலையில் சரக்கை இறக்கிவிட்டு, நான் கட்டிக்கொடுத்த சோற்றைப் பிரித்துச் சாப்பிடுவார். உடனே எனக்கு போன் வரும். சாப்பிட்டாயா என்று கேட்க அல்ல. "சாம்பார்ல உப்பு கம்மி" என்று சொல்ல. மலை மேல் சிக்னல் கிடைக்கிற மரத்தடியாகத் தேடிப் போய் நின்று இதைச் சொல்வார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த எரிச்சலில் அதையே ஆங்கில எழுத்தில் தட்டிக் கடவுச்சொல்லாக வைத்தேன். சாயங்காலம் அவரிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்போ நீ என்னிக்காவது உப்ப கரெக்டா போட்டின்னா உங்க கடை தெறக்காது, அதான?"

மையத்தை நான்தான் காலையில் திறப்பேன். விளக்கேற்றி, ஊதுபத்தி வைத்து, கணினியைப் போட்டு, அந்த உப்பைத் தட்டுவேன். அதன் பிறகுதான் நாள் தொடங்கும். அந்த நாட்களில் சாரே எல்லோரிடமும் சொல்வார், "இந்தப் பொண்ணு கைராசி. இது வந்து பொட்டியத் தொட்டதுலேர்ந்து வரன் அமைஞ்சிக்கினே இருக்குது." பெண்ணைப் பெற்ற அம்மாக்கள் சிலர், ஜாதக நகலை என் கையாலேயே எடுத்துத் தரும்படி கேட்டு வாங்கிப் போவார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. நம்பவில்லை என்று இப்போது சொன்னால் அது பொய்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு நாள், சாப்பாட்டு நேரம் தாண்டியும் போன் வரவில்லை. மலைப்பாதையில் ஒரு வளைவில் வண்டி கீழே போய்விட்டிருந்தது. அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

கருமாதி முடிந்து சில வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். படியேறியதும் கண் தானாகச் சுவருக்குப் போனது. என் படம் இருந்த இடத்தில் ஒரு காலண்டர் தொங்கியது. ஆணி அதே ஆணி. கணினியைப் போட்டேன். கறுப்புத் திரை கேட்டது. சாம்பார்ல உப்பு கம்மி என்று தட்டினேன். அது திறந்துகொண்டது. நான் மேசைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

அதிலிருந்து காலையில் அந்தச் சொல்லைத் தட்டுகிற ஒரு நிமிடம்தான் எனக்கு மிச்சமிருந்தது. வேறெங்கும் என்னை எதையும் தொடங்க விடுவதில்லை. பக்கத்து வீட்டு வளைகாப்புக்கு அழைப்பில்லை. எதிரே வருகிறவர்கள் செருப்பைச் சரிசெய்வது போல் குனிந்து நான் கடந்து போகும்வரை நிற்பார்கள். இந்தப் பெட்டி மட்டும் யார் நீ என்று கேட்காது. சொல் சரியா என்று மட்டும் பார்க்கும். அந்த நாற்காலியை மட்டும் யாரும் பிடுங்கிவிடக் கூடாது என்று நினைத்துக்கொள்வேன்.

பிடுங்கினார்கள். அதையும் நல்ல வார்த்தை சொல்லித்தான் பிடுங்கினார்கள்.

"தப்பா எடுத்துக்காதம்மா" என்று சார் ஒரு நாள் மத்தியானம் ஆரம்பித்தார். "நான் சொல்லல. எனக்கு அதுலல்லாம் நம்பிக்கை கெடையாது. பார்ட்டிங்க பேசிக்கிறாங்க. கல்யாண விசயம் பாரு. காலையில மொத கை யாரு வெக்கிறாங்கன்னு பாக்குறாங்க."

அவர் கணினியைப் பார்த்துக்கொண்டு பேசினார், என்னைப் பார்க்கவில்லை.

"எங்க மருமவ காலையில வந்து பொத்தானை மட்டும் அமுக்கினா, எதுவும் கேக்காம அதுவே தெறந்துக்கிற மாதிரி பண்ண முடியுமா?"

"முடியும் சார்."

"அப்படி பண்ணிட்டின்னா நீ வெயில் ஏறினப்புறம் நிதானமா வரலாம். பின்னால படி வழியா வந்தீன்னா இன்னும் சவுரியம்."

ரஜ்ஜு பார்த்தது அவர். தாலி கெட்டி என்றது அவர். அந்த வளைவில் தடுப்பு இல்லாமல் விட்டது யாரோ. ராசி கெட்டுப்போனது மட்டும் என் கை. இதை அவர் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கலாம். என் சம்பளத்தில்தான் தங்கை கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

வேலை ஒன்றும் பெரிதல்ல. அந்த வகைப் பூட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சாவிகள் வைக்கலாம். மதர்போர்டில் ஒரு சின்ன சிப் இருக்கிறது. இரண்டாவது சாவியை அதற்குள் வைத்து முத்திரை போட்டுவிட வேண்டும். கணினி ஏறும்போது, தன் பெட்டி முன்பு இருந்தபடியே இருக்கிறதா என்று சிப் சரிபார்க்கும். இருந்தால் யாரையும் கேட்காமல் சாவியை நீட்டும். உள்ளே ஏதாவது மாறியிருந்தால் நீட்டாது, பழைய கடவுச்சொல்லைத்தான் கேட்கும். வட்டைத் திறக்க சிப்பைக் கேள் என்று ஒரு கோப்பில் ஒரு வரி எழுதினேன். கணினி தொடங்கும்போது முதலில் ஏறும் சிறு நிரல் தொகுப்பை மறுபடி உருவாக்கினேன். கணினியை அணைத்து மறுபடி போட்டேன்.

கறுப்புத் திரை வந்தது, எதையும் கேட்காமல் போனது. சிரித்த முகத்துடன் முகப்பு வந்து நின்றது. முதல் முயற்சியிலேயே சரியாக வந்துவிட்டது. வேலை அவ்வளவு சுத்தம். என்னை வேண்டாம் என்று சொல்லும் வேலையை இவ்வளவு சுத்தமாகச் செய்தேனே என்று வயிறு எரிந்தது.

சாரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். இனிமேல் பொத்தானை அமுக்குகிறவர் யாராக இருந்தாலும் வட்டு திறந்துவிடும், ஆகவே பெட்டியோடு திருட்டுப் போனால் பூட்டு பாதிப் பூட்டுதான். இன்னொன்று, பெட்டிக்குள் எதையும் மாற்றினால் பழையபடி கேட்கும், என்னைக் கேட்காமல் யாரையும் திறக்க விடாதீர்கள்.

"சரிம்மா, சரிம்மா" என்றார். "அப்போ காலையில நீ வேணாம், இல்ல?"

"வேணாம் சார்."

மறுநாளிலிருந்து மருமகள் வந்தாள். தலை நிறையப் பூ. பொத்தானை அமுக்கி, விரலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். நான் பின்படி வழியாக ஏறி வரும்போது "வாங்கக்கா" என்று நன்றாகத்தான் கூப்பிடுவாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். கோபம் இருந்தது. நிறையவே இருந்தது.

இதற்கிடையே தங்கைக்கு வரன் பார்க்கத் தொடங்கினோம். எங்கள் வீட்டில் யாருக்கும் ஜாதகம் எழுதி வைக்கிற வழக்கம் கிடையாது. பிறந்த நேரத்தைக் கொண்டு சார்தான் கணித்து, அவள் படத்தோடு கணினியில் ஏற்றினார். வீட்டில் வேறு நகல் இல்லை. தேடி வந்தவர்கள் எல்லாம் ஒரு கேள்வியில் நின்றார்கள். மூத்தவள் எப்படி இருக்கிறாள்? அம்மா பதில் சொல்வதற்குள் காபி ஆறிவிடும், அவர்கள் எழுந்துவிடுவார்கள். தங்கை என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கடைசியாகத் திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு இடம் அமைந்தது. பையன் மின்வாரியத்தில் ஒப்பந்த வேலை. விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் மையத்துக்கே வந்து ஜாதகத்தைக் கையில் வாங்கிக்கொள்கிறோம் என்றார்கள். அதே நாளில் நைனார்பாளையத்திலும் ஒரு பெண் ஜாதகம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எது முதலில் கைக்கு வருகிறதோ அதைச் சாமி உத்தரவாக எடுத்துக்கொள்வோம் என்றும் சொல்லிவிட்டார்கள். அம்மா அந்த வாரம் முழுக்கத் தூங்கவில்லை.

"நீ அன்னிக்கு வூட்லயே இரு கண்ணு" என்றாள் என்னிடம்.

"இருக்கேன்" என்றேன்.

விஜயதசமிக்கு முந்தின நாள் ஆயுத பூஜை. மையத்தில் எல்லாவற்றையும் கழுவித் துடைப்பார்கள். கணினிக்கும் சந்தனப் பொட்டு வைத்து, மாலை போட்டு, அணைத்து, ஒரு நாள் ஓய்வு கொடுப்பார்கள். சாமிக்கு முன்னால் அழுக்குப் பெட்டியை வைக்கலாமா என்று சார் ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுப் பெட்டியைக் கழற்றித் தூசி தட்டச் சொல்லியிருக்கிறார். அந்த ஆளும் பக்தியான ஆள். கடிகாரம் மெதுவாக ஓடுகிறதே என்று பார்த்து, மதர்போர்டில் இருந்த பழைய பட்டன் பேட்டரியை எடுத்துவிட்டு, பூஜைக்கு என் காணிக்கை என்று புதிது போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பேட்டரியைக் கழற்றினால் பெட்டியின் அமைப்புகள் எல்லாம் அழிந்து ஆதியிலிருந்து தொடங்கும். சிப்புக்கு அது வேறு பெட்டி. இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது.

விஜயதசமி காலை அம்மாவும் தங்கையும் கிளம்பிப் போன பிறகு போன் அடித்தது.

"எம்மா, பொட்டி இன்னாமோ கேக்குதும்மா" என்றார் சார். "கறுப்பா நிக்குது. மாப்ள வூட்டுக்காரங்க வந்து குந்திக்கினு இருக்காங்க. ராகு காலம் வந்துரும். அந்தச் சொல்லைக் கொஞ்சம் சொல்லு."

"போன்ல சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க. ஆபீஸ்ல ஆள் ஒட்டுக் கேக்கும்னு."

"இப்ப போய் அதெல்லாம்..."

"நான் வந்து போட்டுத் தரேன்" என்று வைத்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும்போது முழுக்க அவரிடம் பேச வேண்டியதை மனதுக்குள் அடுக்கிக்கொண்டு வந்தேன். முன்படி வழியாகத்தான் ஏறுவேன். அந்த நாற்காலியில் நான்தான் உட்காருவேன். என் கையால்தான் தட்டுவேன். என் தங்கையின் ஜாதகத்தை நானே எடுத்துக் கொடுப்பேன். முடியாது என்றால் நீங்களே ஜோசியம் பார்த்து அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். இப்படியெல்லாம். பல மாதத்துக்குப் பிறகு எனக்கு நன்றாகப் பசித்தது.

முன்படி வழியாகவே ஏறினேன். சார் வழியை விட்டு ஒதுங்கினார். மாப்பிள்ளையின் அம்மாவும் மாமாவும் சுவர்ப் படங்களுக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். மாமா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே அம்மா. பக்கத்தில் இரவல் பட்டுப்புடவையில் தங்கை. என்னைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

நாற்காலியில் உட்கார்ந்தேன். சந்தனம் காய்ந்த திரையில் அந்தப் பழைய கேள்வி நின்றது. எத்தனையோ நாள் கழித்து அது என்னைக் கேட்கிறது. கையைத் தூக்கினேன்.

என் மணிக்கட்டை யாரோ பிடித்தார்கள். சாராக இருந்திருந்தால் உதறியிருப்பேன். மரவள்ளி பிடுங்கிப் பிடுங்கிக் காய்த்துப்போன கை அது.

"நீ தொடாத கண்ணு" என்றாள் அம்மா, காதோரம். "அந்தப் பொண்ணு கையால போடச் சொல்லு. நீ வாயால சொன்னா போதும்."

"கை ஆவாது, வாய் மட்டும் ஆவுமா?"

"அவங்க பாத்துக்கினு இருக்காங்கடி. உன் தங்கச்சிக்காக. உன் கால்ல வேணாலும் உழறேன்."

சும்மா சொல்லவில்லை. முழங்கால் மடிவதை நான் பார்த்தேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் என் அம்மா என் காலில் விழப்போகிறாள். பஸ்ஸில் அடுக்கிக்கொண்டு வந்த பேச்சில் இதற்கு ஒரு வார்த்தைகூட இல்லை. எழுந்துவிட்டேன்.

மருமகள் வந்து உட்கார்ந்தாள். விசைப்பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அவள் பின்னால், சற்றுத் தள்ளி நின்று மெதுவாகச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை.

"சத்தமா சொல்லுங்கக்கா. இன்னா உப்பு?"

"சாம்பார்ல உப்பு கம்மி" என்றேன்.

மாப்பிள்ளையின் மாமா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "இது இன்னா பூட்டுய்யா! நல்ல பூட்டு!" அவர் சிரித்ததும் மாப்பிள்ளையின் அம்மாவும் சிரித்தாள், சார் சிரித்தார், தட்டிக்கொண்டிருந்த மருமகளும் சிரித்தாள். அம்மாவும் சிரித்தாள். அது யாருடைய வார்த்தை என்று அம்மாவுக்குத் தெரியும். எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து சாப்பிடும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் அவளிடமும் அதைத்தான் சொல்வார். ஒரு நொடி அவள் கண் என் பக்கம் திரும்பியது. ஆனால் சிரிப்பை நிறுத்தவில்லை. சம்பந்தி வீட்டார் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வட்டு திறந்தது.

"ஒரே தடவைல தெறந்துகிச்சே" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா மருமகளைப் பார்த்து. "மகராசி கை."

ஜாதகம் நல்ல நேரத்திலேயே கைமாறியது. அவர்கள் போன பிறகு நான் உட்கார்ந்து பெட்டியின் அமைப்புகளைப் பழையபடி வைத்து, சிப்பில் சாவியை மறுபடி முத்திரை போட்டேன். அந்தப் பழைய கடவுச்சொல்லை அழித்தேன். ஊர் சிரித்த சொல்லைப் பூட்டில் வைத்திருக்க முடியாது. புதிதாக ஒன்று வைத்தேன். கலந்துகட்டிய எழுத்தும் எண்ணுமாக, அர்த்தமே இல்லாத ஒன்று.

தங்கைக்குக் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. தாலி கட்டும்போது நான் சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டுக்கொண்டிருந்தேன். கெட்டிமேளம் கேட்டதும் கையில் இருந்த இலைக்கட்டைக் கீழே வைத்தேன், பிறகு எடுத்துக்கொண்டேன். மறுவீடு போகும்போது தங்கை என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். உண்மையாகவே அழுதாள்.

போன வாரம் அவர்கள் கல்யாணப் படம் சட்டம் போட்டு மையத்துக்கு வந்தது. மாட்ட இடமில்லை. சார் சுவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் காலண்டரைக் கழற்றினார்.

"ஆணி கெட்டியா தான் கீது" என்றார். படத்தை மருமகள் கையில் கொடுத்தார். அவள் நாற்காலிமேல் ஏறினாள். ஆட்டம் கண்ட நாற்காலி. அவள் விழுந்துவிடாமல் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். நான் பிடித்துக்கொண்டேன்.